அங்கே மானுக்கு உரிமம், இங்கே முயலுக்கு வழக்கா?

கேள்வி: ஐயா, என் சொந்த ஊர் சிங்கம்புணரிப் பக்கம். ஆறு வருடமாக அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் பங்குனியில் சாமி கும்பிட்டு முடித்ததும் ஊரே திரண்டு பாரி வேட்டைக்குப் போவது தலைமுறை வழக்கம். சின்ன வயதில் அப்பாவோடு நானும் போயிருக்கிறேன். இந்த வருடம் வனத்துறை மடக்கி, என் சித்தப்பா மகன் மீது வழக்குப் போட்டுவிட்டார்கள். பைக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா போனில் குமுறுகிறார். இங்கேயோ அலுவலக நண்பர் நவம்பரில் மான் வேட்டைக்கு வா என்று கூப்பிடுகிறார். இங்கே பணக்காரன் பொழுதுபோக்குக்குச் சுட்டால் பண்பாடு, எங்கள் ஊரில் சாமிக்காக முயல் அடித்தால் குற்றமா? நான் அந்த வேட்டைக்குப் போகலாமா? அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

தம்பி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா மகனுக்கு நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். "உள்ளே எனக்கு ஆள் தெரியும், முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். "நான் அடிக்கவில்லை, பங்கு மட்டும்தான் வாங்கினேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று ஊரில் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அது உதவாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விரட்டுவது, வலை விரிப்பது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். கறி கையில் இருந்தாலும் குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, முயல் போன்ற உயிரினங்களின் வழக்கில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவில், கடுமை குறைந்த குற்றங்களை இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதிகாரி ஒப்புக்கொண்டால், ரசீதோடு முறையாக நடக்கிற காரியம் அது. வழக்கறிஞரை முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பைக் விஷயத்துக்கும் அவரே மனுப் போடட்டும்.

இனி உங்கள் கேள்வி. சிவகங்கை, திண்டுக்கல் எல்லைக் கரடுகளில் பதினோரு வருடம் வனச்சரகராக இருந்தவன் நான். பங்குனி, சித்திரை வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. உங்கள் அப்பா வயதுக்காரர்கள் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். சிலரோடு பிறகு நல்ல பழக்கமும் ஆனது. இந்த வேட்டைக்கு என்று ஒரு முறை இருந்ததையே அப்படிப் பழகிய ஒரு பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நாள் குறிப்பது பூசாரி. அதற்கு முன்னும் பின்னும் நாயைக் கூட்டிக்கொண்டு கரட்டில் ஏறினால் ஊரில் தெண்டம் போடுவார்களாம். கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க வருகிற உருப்படியைத் தொடக்கூடாது. அடித்ததை எல்லாம் கோயில் முன்னால் ஒரே இடத்தில் போட்டுக் கூறு வைப்பார்கள். அடித்தவனுக்கும் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவனுக்கும் ஒரே அளவுதான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு. இதெல்லாம் சொல்லிவிட்டு அவர் ஒன்று செய்து காட்டினார். அலுவலகத் திண்ணையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேல்துண்டை முயல் மாதிரிச் சுருட்டி, இடது கையால் பின்னங்காலைப் பிடித்துத் தூக்குவது போலத் தூக்கினார். வலது கை விரலால் அடிவயிற்று மயிரை மெல்ல விலக்கினார். மடி கனத்திருந்தாலோ, காம்பைச் சுற்றி மயிர் நனைந்து ஒட்டியிருந்தாலோ அந்த முயலை இறக்கி விட்டுவிட வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய கை. துண்டைத்தான் தொடுகிறார், ஆனாலும் உயிருள்ள ஒன்றைத் தொடுகிற பதம் அந்த விரல்களில் இருந்தது.

நம் காட்டு முயல் வளை தோண்டாது. குட்டி கண் திறந்து, உடம்பெல்லாம் மயிரோடு பிறந்து, புல்லடியில் அசையாமல் கிடக்கும். தாய் பால் கொடுக்க மட்டும் வந்து போகும். தாயை அடித்துவிட்டால் அந்தக் குட்டிகள் எங்கே கிடந்து செத்தன என்று ஒருவருக்கும் தெரியாது. பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. அடுத்த பங்குனிக்கும் கரட்டில் முயல் வேண்டும். அந்தக் கணக்குக்காகத்தான் அத்தனை முறையும்.

உங்கள் அப்பா மனதில் இருப்பது இந்த வேட்டை என்றே நினைக்கிறேன். நான் மடக்கிய வேட்டைகளில் இது அனேகமாக இல்லை. பைக்கில் வெளியூர்க்காரர்கள் வந்திருப்பார்கள். தலையில் பளீரென்ற லைட்டு, நைலான் வலை, பன்றிக்கு என்று போட்ட அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி. பூசாரியிடம் நாள் கேட்டவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். ஒருமுறை வேட்டை நடந்து ஒரு வாரம் கழித்து ஓடைக்கரையில் ஒரு நரியைப் பார்த்தோம். கழுத்தில் பைக் கிளட்ச் வயர். சுருக்கு இறுகித் தோலுக்குள் இறங்கியிருந்தது. கட்டியிருந்த கருவேலமரத்தைச் சுற்றி அது ஓடி ஓடி, மண் வட்டமாக உழுது போட்டது மாதிரிக் கிடந்தது. முயலுக்கு வைத்த சுருக்கு அது. வைத்தவன் திரும்பி வந்து பார்க்கவே இல்லை. கம்பிக்கு மடி பார்க்கத் தெரியாது, தம்பி. அந்த நரியை நாங்கள் அவிழ்த்துவிட்டோம். பிழைத்திருக்காது.

அதனால் "பாரம்பரியத்தைத் தடுக்கிறார்கள்" என்று அப்பா சொன்னால், எந்தப் பாரம்பரியம் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. அடிப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. விடுவது போய்விட்டது.

இப்போது உங்கள் நண்பருடைய வேட்டை. பணக்காரன் பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 2009-இல் ஒரு பயிற்சிக்காக ஆறு வாரம் நான் அந்தப் பக்கம் இருந்தேன். நவம்பர் குளிரில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் நின்று பார்த்தேன். மெக்கானிக், பள்ளிக்கூட பஸ் டிரைவர், தாத்தாவும் பேத்தியும் என்று சாதாரணச் சனங்கள் வண்டியில் மானைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டில் அதுதான் கறி. அங்கே ஓர் அலுவலர் ஒவ்வொரு மானின் கீழ்த்தாடையையும் விரித்து, டார்ச் அடித்துப் பல் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் குறித்துக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா, எந்த வட்டாரம், எத்தனை வயது. நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்திலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்தார். அன்று இரவு எனக்கு நம் பெரியவரின் துண்டுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தது ஒன்றைத்தான்: இதை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

அமெரிக்கர்கள் இந்த இடத்துக்கு நல்ல புத்தியால் வந்துவிடவில்லை. அழித்துவிட்டுத்தான் வந்தார்கள். வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்படும் பயணப் புறாவின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்தது. காட்டெருமையும் மானும் சந்தைக்கு அடித்து அடித்தே அருகிப் போயின. அப்புறம்தான் வேட்டைக்கறியை விற்பதைத் தடுத்தார்கள். சட்டத்தை மீறி அடித்ததை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுக்க 1900-இல் லேசி சட்டம் வந்தது. 1937-இல் இன்னொரு சட்டம் போட்டு, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரிப்பணத்தை வனவிலங்குக்கே செலவிட ஏற்பாடு செய்தார்கள். இன்று வெள்ளைவால் மான் கோடிக்கணக்கில் இருக்கிறது. பல இடங்களில் அதைத் தின்ன ஓநாய் இல்லை. உங்கள் நண்பருக்குக் கிடைக்கிற உரிமச்சீட்டுக்குப் பின்னால் இந்த எண்ணிக்கை எல்லாம் நிற்கிறது.

அதற்காக அவர்களுக்குள் எல்லாரும் ஒரே நெறியில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மினசோட்டாவில் சோளத்தைக் கொட்டி மானை வரவழைத்துச் சுடுவது சட்ட விரோதம். டெக்சாஸில் தனியார் நிலத்தில் அது அன்றாட வழக்கம். பரணுக்கு எதிரில் சோளம் தூவுகிற எந்திரமே வைத்திருப்பார்கள். மினசோட்டாவில் மானுக்கு நாயை ஏவக் கூடாது. வர்ஜீனியாவின் சில பகுதிகளில் நாய் வைத்து விரட்டுவதுதான் தாத்தா காலத்து முறை. அதற்கு என்றே நாய் வளர்க்கிற குடும்பங்கள் உண்டு. வடக்கே இருக்கிறவர் தெற்கே இருக்கிறவரை "இதெல்லாம் ஒரு வேட்டையா" என்பார். அவரோ, உட்கார்ந்த இடத்தில் உறைந்துபோய்க் காத்திருப்பதில் என்ன திறமை என்பார். இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தை ஏவி நரியை விரட்டுவது பிரபுக்களின் பெருமையாக இருந்தது. 2004-இல் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். அன்று அவர்களும் உங்கள் அப்பா சொல்வதையேதான் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் ஒரு வழக்கம். சுட்ட மானின் வாயில் ஒரு சிறு மரக்கிளையை வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். வேட்டை முடிந்ததும் விழுந்த விலங்குகளை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொரு இனத்துக்கும் அதற்குரிய இசையைக் கொம்பில் ஊதுவார்கள். அந்த வரிசையை யாரும் தாண்டிப் போகக் கூடாது. செத்த விலங்குக்கு இதனால் ஒரு லாபமும் இல்லைதான். சுட்டவன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் கதவை முழுசாக அடைத்தார்கள்? இங்கேதான் அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். 1972-இல் எண்ணியபோது நாட்டில் புலி 1,827. சிவிங்கிப்புலி அதற்கு முன்பே, 1952-இல், அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இவற்றைத் தீர்த்ததில் பெரும்பங்கு ராஜாக்களுக்கும் வெள்ளைக்காரத் துரைகளுக்கும் பிறகு வந்த ஷிகார் என்ற வேட்டைச் சுற்றுலாக் கம்பெனிகளுக்கும். கம்பும் வலையும் வைத்திருந்தவன் அல்ல. சட்டம் வந்தபோது எல்லாருக்கும் சேர்த்து வந்தது. அந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு நிக்கோபார் தீவுப் பழங்குடிகளின் வேட்டை உரிமையை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு எத்தனையோ மரபுரிமைகளைத் திருப்பிக் கொடுத்தபோதும், வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது.

எனக்குக் கேட்டால் இன்றைய நிலையில் முயலுக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்றே சொல்வேன். புலியை எண்ண ஏற்பாடு இருக்கிறது, யானையை எண்ண இருக்கிறது. சிவகங்கைக் கரட்டு முயலை எண்ண அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. எத்தனை இருக்கிறது என்று தெரியாத பானையில் எப்படிக் கை விடுவது? முன்பு அந்தக் கணக்கைப் பெரியவரின் விரல்கள் பார்த்தன. இப்போது விரலும் இல்லை, நோட்டும் இல்லை. அதோடு கரடும் சுருங்கிவிட்டது. குவாரி, பிளாட்டு, நாற்கரச் சாலை. நாலாபுறமும் ஓடித் தப்ப இடம் இருந்த காலத்து முறையை, ஒதுங்க இடமில்லாத முயல் மீது நடத்துகிறோம்.

ஒரு ஊர் தன் வேட்டையைத் தானே நிறுத்திய கதை ஒன்று உண்டு. நாகாலாந்தில் வோக்கா மாவட்டம், தொயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாங்க்தி கிராமம். சைபீரியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் பறக்கிற அமூர் வல்லூறுகள் ஒவ்வொரு அக்டோபரிலும் லட்சக்கணக்கில் அங்கே இறங்கும். 2012-இல் மீன்வலையைக் கட்டி அவற்றைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து விற்ற படம் வெளியே வந்தது. உலகமே திட்டியது. அடுத்த வருடம் ஒரு பறவையையும் பிடிக்கவில்லை. காவல் போட்டு மட்டும் அதைச் சாதித்துவிட முடியாது. ஊர்ச்சபை கூடியது, தேவாலயத்தில் பேசினார்கள், வலை கட்டியவர்களே காவலுக்கு நின்றார்கள். 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி அனுப்பியபோது நாகா, வோக்கா, பாங்க்தி என்று ஊர்ப் பெயரையே வைத்தார்கள். தங்கள் ஊர்ப் பெயர் கடலைத் தாண்டிப் போவதை அந்தச் சனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் பக்கத்திலேயே இருளர்களைப் பாருங்கள். பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது அவர்கள் பிழைப்பே போனது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாம்பைப் பிடித்து விஷம் எடுத்து மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். தடம் பார்க்கிற அதே கண், பிடிக்கிற அதே கை. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. உங்கள் சித்தப்பா மகனுக்கும் தடம் பார்க்கத் தெரிந்திருக்கும். அந்தத் திறமை தண்டமாகப் போகிறதே என்றுதான் மடக்குகிற ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

நீங்கள் போகலாமா என்று கேட்டீர்கள். சட்டப்படி அது குற்றமில்லாத இடத்தில், எண்ணிக்கை பார்த்துக் கொடுக்கிற உரிமத்தில், தின்பதற்காக அடிப்பதை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடம் துப்பாக்கி இல்லாமல் போங்கள். விடியும் முன் பரணில் கூட உட்காருங்கள். நண்பர் எந்த மானைச் சுடாமல் விடுகிறார் என்று பாருங்கள். குறி சரியாக அமையாதபோது துப்பாக்கியைத் தாழ்த்துகிறாரா? காயம் பட்டு ஓடிய மானை, இலையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இருட்டும் வரை தேடுகிறாரா? தேடாமல் வீட்டுக்குத் திரும்புகிறவர் என்றால் அவரோடு மறுபடி போகாதீர்கள். மானைக் கிழித்துக் குடல் எடுக்கும்போது பக்கத்தில் நின்று கை கொடுங்கள். ஆவி பறக்கிற அந்தச் சூட்டைக் கையில் உணர்ந்த பிறகு, அடுத்த வருடம் சுடுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் ஹெச்-1பி போன்ற விசாவில் இருந்தால், அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கைவசம் இருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. நண்பர் விளையாட்டாக "இந்தா, பிடித்துப் பார்" என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். விசா வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் மினசோட்டாவில் உரிமம் வாங்கப் பொதுவாகத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கறியில் பங்கு வாங்குவதாக இருந்தால், ஈயத் தோட்டாவா செப்புத் தோட்டாவா என்று கேளுங்கள். ஈயம் சிதறிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகக் கறியில் தங்கும். காட்டில் விட்டு வருகிற குடலைத் தின்னும் கழுகுகள் அதனாலேயே சாகின்றன. வீட்டில் குழந்தை இருந்தால் செப்புதான்.

கடைசியாக அப்பா. அவரிடம் போனில் சட்டப் பிரிவு எதையும் பேச வேண்டாம். சாமி காரியம் நின்றுவிடுமே என்பதுதான் அவர் பயம் என்றால், சாமியே வேட்டையாடுகிற கோயில்கள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். கன்னியாகுமரி பகவதி அம்மன் விஜயதசமியன்று மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளுகிறாள். அம்பு போட்டதும் வேட்டை முடிந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பள்ளிவேட்டையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தவர் அம்பு விடுவது ஓர் இளநீர்க்காய் மீது. ஊர் கூடுவது, நடப்பது, பறை, பொங்கல், கூறு வைப்பது எல்லாம் அப்படியே இருக்கலாம். பூசாரியும் அப்பா வயதுக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. வனத்துறை சொன்னால் ஊர் கேட்காது, நான் சொல்லிப் பார்த்தவன். உங்களைப் போல வெளியே போய்ச் சம்பாதிக்கிற பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் அவரைச் சும்மா பேசவிடுங்கள். நீங்கள் கூடப் போன வருடங்களில் மடி பார்த்து இறக்கிவிட்ட முயல் ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் போனிலேயே பதிவு செய்து வையுங்கள். வலைக்கண் எத்தனை விரல் அகலம் வைத்து முடைவார்கள் என்றும் கேளுங்கள். என் பெரியவர் நாலு விரல் என்றார். குட்டி முயல் புகுந்து ஓடிவிடுகிற அகலம் அது.